காயாத இடம்

சரோஜினி அம்மாள் ஆள் அனுப்பிய அன்று கனகவல்லி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வந்தவள் பேபி, அந்த வீட்டில் இப்போது பாத்திரம் தேய்க்கிறவள். படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"யக்கா, அம்மா உன்னிய இட்டாரச் சொல்லுச்சு. பீட்ரூட்டு காய மாட்டேங்குதாம். நீ காலேஜுல கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணாச்சே, வந்து இன்னான்னு பாக்கணுமாம்."

"கத்திரி வெயில்ல பீட்ரூட்டு காயலயா? இன்னாடி கதை வுடுற?"

"கதையா இருந்தா நல்லாத்தான் இருக்கும். பேஜாராப் பூட்ச்சுக்கா. நான் மாடி ஏறதையே வுட்டுட்டேன். ஏன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்."

கனகவல்லி புடவையை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

அந்த வீட்டு மொட்டை மாடியில்தான் அவள் அம்மா செல்லம்மா ஒன்பது வருஷம் காக்கை ஓட்டினாள். காய்கறி பரப்பிய வேட்டிகளுக்கு ஓரமாக, குழாயோடு கட்டிய கறுப்புக் குடைக்குக் கீழே, ஒரு தகரத் தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாள். காக்கை இறங்கினால் தட்டைத் தட்ட வேண்டும். அதுதான் வேலை. அந்தத் தகரச் சத்தத்தில்தான் இரும்புலியூரில் அவர்கள் தெருவுக்கு முதல் பி.எஸ்ஸி. கிடைத்தது. போன வருஷம் மே மாசம் கனகவல்லி ரிசல்ட் பார்க்கப் பட்டணம் போனாள். பாஸ் என்று தெரிந்து, எலெக்ட்ரிக் ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கி, வீட்டுக்கு ஓடினாள். வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே அம்மா கிடந்தாள்.

சரோஜினி அம்மாள் சொன்னது இதுதான்: செல்லம்மா மத்தியானம் கீழே இறங்கி வந்தாள், சாப்பிட்டாள், பின்கட்டு வராந்தாவில் தலைசாய்த்தாள், தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு. கஷ்டமே படவில்லை. "கர்த்தருக்குப் பிரியமானவங்களுக்குத்தான் இப்படி ஒரு சாவு கிடைக்கும்" என்றாள்.

குளிப்பாட்டும்போது அம்மாவின் கையைத் தேய்த்தது கனகவல்லி. பத்து விரல் நுனியும் சிவப்பாக இருந்தன. உதடு வெடித்து, காய்ந்த சேறுமாதிரி பாளம் விட்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்ததும் சரோஜினி அம்மாள் முந்திக்கொண்டு, "பீட்ரூட் கறைம்மா. காலையில நறுக்கினா" என்றாள். வருஷம் முழுக்க அம்மாவின் கை சிவப்பாகத்தானே இருக்கும்? கனகவல்லி நம்பினாள். ஆனால் பீட்ரூட் கறை சீயக்காயில் போய்விடும். அன்றைக்குத் தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. ஒரு வருஷமாக அவளைத் தூங்கவிடாத விஷயம் அது ஒன்றுதான். அம்மா எப்படிச் செத்தாள்?

அப்பா குப்பன் செங்கல் சூளையில் கல் சுமக்கிறவர். "பெரிய எடம். கேட்டு இன்னா ஆவப்போது?" என்று வாயை அடைத்துவிட்டார்.

"வரேன்னு சொல்லு," என்றாள் கனகவல்லி.

*

கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீடு தனியாக நின்றது. இரண்டு பக்கமும் முள்செடி மண்டிய காலி மனைகள். வீட்டுக்காரர் வேதசிரோமணி சார், ஹைஸ்கூல் வாத்தியார். மே மாசமானால் பரீட்சைப் பேப்பர் திருத்தப் பட்டணத்திலேயே தங்கிவிடுவார். மகன் சுந்தர்சிங் லண்டனில் படித்துவிட்டு அங்கேயே உத்தியோகத்தில் இருந்தான். அவனுக்கு அனுப்பத்தான் இந்தப் பொடி வேலையை சரோஜினி அம்மாள் ஆரம்பித்தாள். பீட்ரூட், கேரட், தக்காளி, வெங்காயம், பூண்டு, முருங்கைக்கீரை. எல்லாவற்றையும் நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி காட்டி, வேட்டியில் பரப்பிச் சருகாகக் காயவைத்து, இரும்பு உரலில் இடித்து, மல் துணியில் சலித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைப்பாள். அங்கே பையன் வெந்நீரில் ஒரு ஸ்பூன் போட்டால் ரசம், சாதத்தில் பிசைந்தால் குழம்பு. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிய அம்மாக்கள் எல்லாம் 'சரோஜினி ருசிப்பொடி' கேட்டு வந்தார்கள். சர்ச்சில் பெண்கள் சங்க விற்பனையில் அந்தப் பாட்டில்கள்தான் முதலில் தீரும். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் 'அன்போடு, கையால் செய்தது' என்று போட்டிருந்தது. யாருடைய கை என்று போட்டிருக்கவில்லை.

"வா கனகா, உட்காரு," என்றாள் சரோஜினி அம்மாள். எதில் உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் இருந்தன. கனகவல்லி நின்றாள்.

"சொல்லுங்க மேடம்."

'அம்மா' என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். 'மேடம்' என்றதும் அந்த முகம் சுண்டியது. கனகவல்லிக்கு அது வேண்டியிருந்தது.

"ஜூன்ல சங்கத்து சேல் வருது. போன வருஷம் பூரா போட்ட பொடி எல்லாம் கட்டி தட்டிப்போச்சு, வெளியில சொல்லலை. இந்த வருஷம் காயவே மாட்டேங்குது. மொத்தமும் இல்லை, ஒரு இடம் மட்டும். நீயே பாரேன். உப்பு ஜாஸ்தியா, தரையில ஓதமா, உனக்குத்தான் தெரியும்."

"மேல இப்ப யார் உட்கார்றாங்க?"

"மேலே இருந்தவளுக்கு அப்புறம் யாரையும் வைக்கலை. கொசுவலை போட்டு மூடிடறேன்."

மேலே இருந்தவள். இந்தா. ஏம்மா. இப்படியே ஒன்பது வருஷம். செல்லம்மா என்ற பெயர் அந்த வாயில் ஒரு தடவைகூட வந்து கனகவல்லி கேட்டதில்லை. பின்கட்டில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் அம்மாவின் அலுமினியத் தம்ளர் இன்னும் மாட்டியிருந்தது. அது வீட்டுக்குள் வராத தம்ளர். பைபிள் வாசிக்கிற வீட்டிலும் அப்படி ஒரு தம்ளர் இருந்தது.

மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. வெறும் காலில் நிற்க முடியவில்லை. நாலு வேட்டியிலும் வலைக்குக் கீழே பீட்ரூட் வில்லைகள் சுருண்டு கறுத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஒடித்தாள். சடக்கென்று ஒடிந்தது. நன்றாகக் காய்ந்ததற்கு அதுதான் அடையாளம். அப்புறம் மூலைக்கு வந்தாள்.

அங்கே ஒரு முறம் அகலத்துக்கு வில்லைகள் ஈரமாக இருந்தன. இப்போதுதான் நறுக்கிப் போட்டதுபோல் சிவந்து மினுங்கின. ஓரம் கலையாமல், சுற்றிக் கோடு கிழித்தமாதிரி ஈரம் நின்றது. கனகவல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நிழல் விழ மேலே ஒன்றுமில்லை. குழாயில் பழைய கயிற்றுத் துண்டு மட்டும் தொங்கியது. அம்மா குடை கட்டியிருந்த கயிறு. குடை இல்லை.

ஒரு வில்லையை நாக்கில் வைத்தாள். பீட்ரூட்டின் இனிப்பே இல்லை. கரித்தது. போட்ட உப்பின் கரிப்பு இல்லை அது. சின்ன வயசில் அம்மா வேலை முடிந்து வந்து தூக்கிக்கொள்ளும்போது கழுத்தில் முகம் வைத்தால் வருமே, அந்தக் கரிப்பு.

துப்பினாள். 'உப்பு ஈரத்தை இழுக்கும், வேறொன்றுமில்லை' என்று தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொண்டாள்.

*

மறுநாள் புது வேட்டி, புதுக் காய். கொதிக்கிற தண்ணீரில் உப்பே போடவிடவில்லை. தரையில் ஓதம் என்றார்களே, அதற்காகத் தகரத் தகட்டை விரித்து, அதன்மேல் வேட்டி. எட்ட நின்று பார்க்கிற வேலை இல்லை என்று கனகவல்லி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தாள்.

காலையில் ஈரம் குடை மூலையில்தான் இருந்தது. சுற்றிலும் காய் சுருங்கச் சுருங்க, அது மட்டும் பச்சையாக நின்றது. வெயில் ஏறியது. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போய்வந்தன. கனகவல்லி கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஈரம் மூலையில் இல்லை. மூலையில் இருந்த வில்லைகள் இப்போது சருகு. ஈரம் அம்மா தண்ணீர்ப் பானை வைக்கிற செங்கல் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பானை இல்லாத மேடை, வெறும் வட்டத் தடம். பிறகு அங்கிருந்தும் நகர்ந்தது.

நகர்வதைப் பார்க்க முடியவில்லை. இமை மூடித் திறந்தால் நகர்ந்திருந்தது. காயில் ஒரு சலனம் கிடையாது. எறும்புகூட இல்லை. வேட்டியை விட்டு வேட்டிக்கு, மெதுவாக, முழங்காலால் போகிறவர்களின் வேகத்தில், மாடிப்படிக் கதவைப் பார்த்துப் போனது.

கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டிய படிக்கூண்டு. கதவு மேற்கே பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் அந்தக் கூண்டின் நிழல் பக்கத்துக் காலி மனையில் முள்செடிக்குத்தான் விழும். மாடியில் ஒரு சாண் நிழல் கிடையாது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. 'கிளக்.'

கனகவல்லி எழுந்து ஓடிக் கதவைத் தட்டினாள். தொண்டை அதற்குள் வறண்டுபோயிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள். இரும்புத் தகடு அடித்த கதவு, கை பொரிந்தது. கடைசியில் யாரோ நிதானமாகப் படியேறி வரும் சத்தம் கேட்டது.

"ஐயய்யோ, நீ மேலேயா இருக்கே?" என்றாள் சரோஜினி அம்மாள். "குரங்கு வருதும்மா. மலைப்பக்கத்துல இருந்து வந்து, படி வழியா இறங்கி, அடுக்களையில ரொட்டியைத் தூக்கிட்டுப் போகுது. காய் போட்டா தாழ்ப்பாள் போடறதுதான் வழக்கம். கை தானா போட்டுடுச்சு."

"எங்க அம்மா இருக்கும்போதும் போடுவீங்களா?"

"அவ தட்டைத் தட்டுவா. தட்டினா திறப்பேன்." சொல்லிவிட்டு சட்டென்று கீழே இறங்கிப் போனாள்.

சாயங்காலம் கனகவல்லி வீட்டுக்குப் போகும்போது காலி மனைக்கு அப்பால் இருந்த வீட்டு வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. தோத்தாத்ரி, ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ செல்லம்மா பொண்ணுதானே? இன்னிக்கு மாடியில ஒக்காந்திருந்தியே, பார்த்தேன். உங்கம்மாவாட்டமே இருக்கே."

"ஆமா சார்."

"பாவம். அவ போன அன்னிக்குக்கூட நான் ஆத்துலதான் இருந்தேன். என்ன தட்டு தட்டினா போ! வழக்கமா ரெண்டு தட்டு தட்டுவா, நிறுத்துவா. அன்னிக்கு மத்தியானம் பூரா விடாம டங்கு டங்குன்னு. எனக்குத் தூக்கமே போச்சு. என்னடி இது, ஊர்க் காக்கா பூரா இங்கேயே வந்துடுத்தான்னு ஆத்துக்காரிகிட்ட சொன்னேன். அப்புறம் நடுநடுவே விட்டுவிட்டுக் கேட்டது. அப்புறம் இல்லை."

கனகவல்லி வேலியைப் பிடித்துக்கொண்டாள். முள் குத்தியது தெரியவில்லை.

"சார், நீங்க எட்டிப் பாக்கலியா?"

"காக்கா ஓட்டறதை எதுக்கும்மா எட்டிப் பாக்கணும்?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

*

மூன்றாம் நாள் கனகவல்லி வேட்டிகளைக் கதவின் நிலைப்படி வரைக்கும் விரித்தாள். காயைப் பரப்பினாள். படிக்கூண்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, தானே தாழ்ப்பாளைப் போட்டாள். கதவை ஒட்டிய மேல் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

பேபி பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் படியடியில் வந்து நின்றாள். "யக்கா, வேணாங்க்கா. நான் ஒருநாள் வேட்டி எடுக்க மேல போனேன். வெறும் மாடியில யாரோ முனகறாங்க. அதுக்கப்புறந்தான் நான் ஏறதில்ல. நீயும் எறங்கி வந்துரு."

"நீ வூட்டுக்குப் போடி. இன்னிக்கு வேலை முடிஞ்சுது."

பேபிக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் ஆனது. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அந்த வழியாக வெளிச்சம் ஒரு கோடாக மேல் படியில் விழுந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கோட்டின் நடுவில் இருட்டு வந்தது. யாரோ வெளியே படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, இடுக்கில் வாயைக் கொண்டுவந்தமாதிரி. இடுக்கின் வழியே ஈரம் கசிந்தது. கனகவல்லி குரல் கொடுத்தாள்.

"மேடம்! மேல வாங்க."

சரோஜினி அம்மாள் மெள்ள ஏறி வந்தாள். வரும்போதே முகம் வெளுத்திருந்தது. வெளியே தகரத் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

மாடியில் தட்டு கிடையாது. அதைச் சாவுக்கு மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

"கேக்குதா?" என்றாள் கனகவல்லி.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்..."

"அதை அப்புறம் சொல்லலாம். இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. காக்கா ஓட்டுற சத்தமா இது, கதவைத் திறங்கன்னு தட்டுற சத்தமா? ஒன்பது வருஷம் கேட்டிருக்கீங்களே. வித்தியாசம் தெரியுதா?"

சரோஜினி அம்மாள் சுவரோடு சாய்ந்தாள். "நான் வீட்டுலயே இல்லை கனகா. சத்தியமா. இருந்திருந்தா திறந்திருக்க மாட்டேனா?"

"எங்க இருந்தீங்க?"

"ஜெபக்கூட்டம். மேடவாக்கம் ரோட்டுல, சாராள் வீட்டுல. காலையில தாழ்ப்பாள் போட்டேன், வழக்கமா போடறதுதான். கிளம்பற அவசரத்துல... சீக்கிரம் வந்துடுவேன்னுதான் நினைச்சேன். அங்க சாப்பாடு போட்டாங்க. பாட்டுப் பாடினாங்க. எனக்கு மறந்தே போச்சு."

"எது மறந்தது? கதவா, ஆளா?"

வெளியே தட்டல் நின்று, மறுபடி ஒரு தடவை கேட்டது.

"குடை எங்க?" என்றாள் கனகவல்லி. கேட்ட பிறகுதான் அதைக் கேட்க நினைத்திருந்தது அவளுக்கே தெரிந்தது. "எங்க அம்மா தலைக்கு மேல ஒரு கறுப்புக் குடை இருந்துச்சே. கயிறு அறுந்து கிடக்கு. குடை எங்க?"

சரோஜினி அம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "என் குடையில கம்பி முறிஞ்சிருந்தது. வெயில் பயங்கரமா இருந்தது. அதை அவிழ்த்துக் குடுன்னு கேட்டேன். முடிச்சு இறுகிப்போச்சு, கத்தியால அறுத்துக் குடுத்தா. 'நீங்க எடுத்துக்கினு போங்கம்மா, எனக்கு வெயிலு பழக்கம்'னு சிரிச்சா."

கனகவல்லிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அம்மாவின் அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே சின்ன வயசிலிருந்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

"வந்து கதவைத் திறக்க முடியலை. கதவுக்கு முட்டுக்கொடுத்தமாதிரி கிடந்தா. தள்ளித்தான் திறந்தேன். விரல் எல்லாம் ரத்தம். கதவு அடியில பிறாண்டியிருந்தா. நான்தான் தூக்க முடியாம இழுத்துட்டு வந்து வராந்தாவில போட்டேன். வாயில தண்ணி விட்டேன் கனகா. உள்ளே போகலை. ரெண்டு பக்கமும் வழிஞ்சுடுச்சு."

"எந்தத் தம்ளர்ல விட்டீங்க?"

சரோஜினி அம்மாள் விரல்களை விலக்கி அவளைப் பார்த்தாள். பைத்தியமா என்று பார்த்த பார்வை அது. பிறகு கேள்வி புரிந்தது. தலை குனிந்தது. அலுமினியத் தம்ளர்தான். அந்த அவசரத்திலும் பின்கட்டுவரை ஓடி, ஆணியில் இருந்து அதைத்தான் எடுத்திருக்கிறாள்.

ஒரு வருஷமாகக் கனகவல்லி கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வந்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. அம்மா இன்னும் வெயிலில் இருக்கிறாள், அது ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. ஒரு வருஷமாக, மழையிலும் பனியிலும்கூட, அம்மாவுக்கு அந்த மே மாச மத்தியானம்தான்.

கனகவல்லி எட்டித் தாழ்ப்பாளைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள்.

வெளியே யாருமில்லை. வெறும் வெயில். நிலைப்படியை ஒட்டி வேட்டியில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம், ஒருக்களித்துப் படுத்த வாக்கில். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் பக்கத்திலிருந்து அது காய்ந்துகொண்டு வந்தது. வில்லைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. தலைப்பக்கமும் காய்ந்தது. பிறகு அவள் காலுக்குப் பக்கத்தில், சிமெண்டுப் படியில், ஈரமாக ஒரு பாதம் விழுந்தது. அகலமான பாதம், சுண்டுவிரல் வெளியே விலகினது. அடுத்த படியில் இன்னொன்று.

சரோஜினி அம்மாள் வீறிட்டுக்கொண்டு கீழே ஓடினாள். பாதங்கள் ஓடவில்லை. முழங்கால் வலிக்காரி இறங்குவதுபோல் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கின. கனகவல்லி பின்னாலேயே இறங்கினாள். அம்மாவை முந்தக் கூடாது என்று தோன்றியது.

படியடியில் வலப்பக்கம் திரும்பினால் பின்கட்டு, குழாய், அலுமினியத் தம்ளர். ஒன்பது வருஷம் அந்தக் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. இன்றைக்கு இடப்பக்கம் திரும்பியது. சிவப்புத் தரையில் ஈரம் பதிய, நேரே சாப்பாட்டு மேஜைக்குப் போனது. தலைமாட்டு நாற்காலி, வேதசிரோமணி சார் உட்காருகிற நாற்காலி, கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. அதன் பிரம்புப் பின்னலில் ஈரம் பரவியது.

கனகவல்லி கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். சரோஜினி அம்மாளின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தம்ளர் அதில் இருந்தது. கூஜாவிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றி மேஜையில் வைத்தாள்.

"குடிம்மா."

தண்ணீர் இறங்கியது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கியது. அவள் இன்னொரு தடவை ஊற்றினாள். அதுவும் இறங்கியது. கூஜா முடிந்தது. மூலையில் சரோஜினி அம்மாள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன்கூடவே கூட்டிட்டுப் போயிடு கனகா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கூப்பிடறேன். வந்தா வரட்டும்." நாற்காலிக்குத் திரும்பினாள். "போலாமாம்மா? நான் பாஸ் பண்ணிட்டேன். சொல்லத்தான் ஓடியாந்தேன் அன்னிக்கு."

நாற்காலியில் ஈரம் அசையவில்லை. கனகவல்லி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்வரை போயிருப்பாள். பின்னால் வாசல் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

'கிளக்.'

உடனே உள்ளிருந்து படபடவென்று தட்டும் சத்தம். "கனகா! கதவைத் திற! கனகா!"

அவள் திரும்பி நடந்து கதவருகே வந்தாள். "நான் பூட்டலை. தாழ்ப்பாள் உங்க பக்கம்தான் இருக்கு."

"தூக்க முடியலை! கை வைக்க முடியலை, சுடுது! இரும்பு நெருப்பா சுடுது!"

தோத்தாத்ரி வீட்டுப் பக்கம் பார்த்தாள். வேலிக்குள் அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு செடிப் பக்கம் குனிந்துகொண்டார். அந்த வீட்டில் எப்போதும் ஏதாவது தட்டும் சத்தம்தானே.

"அப்ப போட்டவங்ககிட்ட கேளுங்க," என்றாள் கனகவல்லி. "திறக்கச் சொல்லி மரியாதையாக் கேளுங்க. இந்தா, ஏம்மான்னு இல்ல. பேரு இருக்கு."

உள்ளே தட்டல் ஓய்ந்தது. மூச்சு இரைப்பு மட்டும் கேட்டது. போய்விடலாம் என்று கனகவல்லிக்கு ஆசையாக இருந்தது. போய், ஒரு ஜெபக்கூட்டம் முடிகிற நேரம் கழித்து வரலாம். கால் அசைந்தேவிட்டது.

"செல்லம்மா," என்றது உள்ளே ஒரு குரல். அந்த வாய் அந்தப் பெயரை முதல் தடவையாகச் சொல்லிப் பழகியது. "செல்லம்மா... கதவைத் திறங்க. தண்ணி தவிக்குது. திறங்க செல்லம்மா."

தாழ்ப்பாள் நகர்ந்தது. முழங்கால் வலிக்காரி எழுந்து வந்து திறக்கிற நிதானத்தில், மெள்ள நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. ஈரப் பாதம் ஒன்று வாசற்படியில் விழுந்தது. அது விழுந்த வேகத்திலேயே வெயில் அதைக் குடித்தது. அடுத்தது கேட்டருகே விழுந்தது.

கனகவல்லி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. செங்கல்பட்டு ரயில் போவதற்காக வெயிலில் நின்றாள். முகம் எரிந்தது, முதுகு எரிந்தது. இடது பக்கம் மட்டும் கிணற்றடியில் நிற்பதுபோல் குளுமையாக இருந்தது.

"ஏம்மா திறந்தே?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நானா இருந்தா திறந்திருக்க மாட்டேன்."

பக்கத்தில் சைக்கிளோடு நின்றவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ரயில் போனது. கேட் திறந்தது.